பதினெட்டாவது நிபந்தனை

முதுகு வலிக்குக் கட்டும் இடுப்புப் பட்டைக்கு மேல் கம்பெனி டீ-ஷர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அவன் மறுபடியும் வாசலைப் பார்த்தான். தெரிந்த முகம் ஏதாவது உள்ளே வந்துவிடுமோ என்று பயந்தான்.

தொழிலாளர் அலுவலகத்தின் விசாரணை அதிகாரியான அந்த அம்மா அடையாள அட்டையையும் அவனையும் ஒரு கண் பார்த்துவிட்டுக் கோப்பைத் திறந்தார். வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

"முதுகுல ஆபரேஷன் பண்ணணும். கம்பெனித் தொழிலாளின்னு ஆனாத்தான் இன்சூரன்ஸும் லீவும் கிடைக்கும். அதானே கேஸ்?"

"ஆமாங்க மேடம். நாலு வருஷமா வீடு வீடா சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்து முதுகே போச்சு."

கம்பெனி வக்கீல் எழுந்தார். இஸ்திரி கலையாத மனிதர்.

"இவர் தொழிலாளியே இல்ல மேடம், எங்க பார்ட்னர். ஒப்பந்தத்துல பதினெட்டாவது நிபந்தனையைப் பாருங்க. முடியாத அன்னிக்குத் தனக்குப் பதிலா யாரை வேணும்னாலும் அனுப்பிக்கலாம். எந்தத் தொழிலாளிக்கு இந்தச் சுதந்திரம் இருக்கு?"

பார்ட்னராமே! அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெடுக்கென்று எழுந்ததில் மேசைப் பேனா உருண்டு விழ, குனிந்து எடுத்து வைத்தான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது போலக் கை இடுப்புக்குப் போனது.

வக்கீல் விடுவாரா? "பார்த்தீங்களா மேடம், வில்லா வளையுறாரு!"

"மாத்திரை போட்டிருக்கு சார்." மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தான்.

அதிகாரி அவனை உற்றுப் பார்த்தார். "அது இருக்கட்டும். வேற ஆளை அனுப்பலாம்கிறாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"பேப்பர்ல அனுப்பலாம் மேடம். ஆனா தினமும் காலைல முகத்தைக் காட்டினாத்தான் ஆப் திறக்கும். நடுவுல வேற நாலு தடவை கேட்கும். வேற முகம் தெரிஞ்சா ஐடி காலி. ஒரு நாள் வரலேன்னா ஒரு வாரம் பூட்டிடுவாங்க. காய்ச்சல்னாலும் சரி, சாவு வீடுன்னாலும் சரி, வண்டியிலதான் இருக்கணும். போன வருஷம் அம்மா போனப்போ கூட..."

அழுகை நிஜமாகவே வந்துவிட்டது.

அதிகாரி வக்கீல் பக்கம் திரும்பினார். "முகத்தைக் காட்டணுமா?"

"அது... பாதுகாப்புக்காக மேடம்."

"அப்போ இவர் இடத்துல இன்னொருத்தர் போக முடியுமா, முடியாதா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடைமுறையில... முடியாதுதான்."

"அப்படின்னா இவர் தொழிலாளி. பார்ட்னர் கதையெல்லாம் வேண்டாம்." கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி, அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

கும்பிட்டது, படியிறங்கியது எதுவும் அவன் நினைவில் இல்லை. தெரு முனைக்கு ஓடி வந்துதான் போனை எடுத்தான்.

மறுமுனையில் ஒரே ஹாரன் சத்தம். "சீக்கிரம் சொல்லுடா, சாப்பாடு ஆறிடும். என்னாச்சு?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, உனக்குப் பதிலா வேற எவனும் வந்து நிக்கவே முடியாதுன்னு தீர்ப்பாயிடுச்சு!"