மயிரிழை மாற்றம்

“எங்க புள்ளைங்களுக்குத் தப்பு செய்யவா சொல்லித் தர்றே, திதிமணி?” என்று கேட்டபடியே வகுப்புக்குள் நுழைந்தார் நிதாய்.

வங்காளத்துக் குர்ணி ஊரில் களிமண் பொம்மை செய்பவர்களுக்கெல்லாம் பெரியவர் அவர்தான். பள்ளிக் கமிட்டிக்கும் அவரே தலைவர்; ஊருக்கே ‘ஜேட்டு’, அதாவது பெரியப்பா. அவர் ‘திதிமணி’ என்று கூப்பிடும் அறிவியல் ஆசிரியை சொஹினி மண்ணை வைத்துப் பரிணாமம் நடத்தப் போகிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு மனசே ஆறவில்லை. முதல் பொம்மையை அவள் கேட்டபோது, காலையில் வீம்புக்குத்தான் செய்து கொடுத்தார்.

“தப்பு இல்ல, ஜேட்டு. முன்னால இருக்கிறவங்க செஞ்சதை ஒரே ஒரு தடவை பார்க்கணும். அப்புறம் மூடி வச்சிட்டு, மனசுல நின்னபடி அதே மாதிரி செய்யணும். நகல் எடுக்க எடுக்கக் கொஞ்சம் மாறும். உயிருங்களும் இப்படித்தான் மாறுச்சு.”

“மத்தவங்க கையில மாறும். எங்க கையில மாறாது. நான் சோதிச்சுப் பார்க்கிறேன். மாறலேன்னா இன்னியோட மண்ணு வேலையை நிறுத்திட்டு, புஸ்தகத்தைப் படிச்சுக் காட்டு.”

சொஹினிக்கு முகம் வாடிவிட்டது. “சரி, ஜேட்டு” என்றாள்.

பெஞ்சுகளின் மேல், நிதாய் செய்ததில் தொடங்கிக் கடைசிப் பிள்ளை செய்ததுவரை வரிசையாகப் பொம்மைகள், ஈரத் துணி போர்த்தியிருந்தன. நிதாய் கண்ணை மூடிக்கொண்டார். பட்டறையிலும் அவர் சோதிப்பது அப்படித்தான். கண்ணைவிடக் கட்டைவிரலைத்தான் நம்புவார். துணிக்கடியில் இடது கையை ஒரு பொம்மையிலும் வலது கையை அடுத்ததிலும் வைத்து மெல்லத் தடவினார்.

“ஒண்ணுதான்.”

ஒரு பொம்மை நகர்ந்தார். “இதுவும் அதுவும் ஒண்ணுதான்.”

கையை இன்னும் ஒன்று தள்ளி வைத்தார்.

“இது யாரு செஞ்சது? டுக்டுகியா? அப்படியே உங்கப்பன் கை, போ.”

பெஞ்சுக்குப் பெஞ்சு அதே பதில்தான். கடைசிப் பொம்மையைத் துணிக்குள்ளிருந்து கையில் எடுத்தபோது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கண்ணைத் திறந்து சொஹினியைப் பார்த்தார்.

“ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் ஒரு மயிரிழை மாறல. என்ன சொல்றே இப்போ?”

“கையில இருக்கிறதைக் கொஞ்சம் பாருங்க, ஜேட்டு.”

பார்த்தார். வாத்து. நல்ல அழகான வாத்து. அலகும் இறக்கையும் கச்சிதமாக இருந்தன. பக்கத்தில் காலியாக இருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார் நிதாய்.

“அம்மாடி,” என்றார். “காலையில நான் செஞ்சு குடுத்தது மீனு.”