குமுதவல்லியைத் தள்ளிவச்ச குழு

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? முட்டுவலி, சர்க்கரை எல்லாம் அடங்கி இருக்கா? எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுதான் சரியில்ல.

‘சாம்பல்தீவு’ன்னு போன்ல வர்ற மாயக்கதையோட ரசிகர் குழுவுல ஆறு வருஷமா இருந்தேன். மொத்தம் நானூறு பேரு. வெள்ளிக்கிழமை அத்தியாயம் வரும், எல்லாரும் படிச்சு முடிக்கட்டும்னு ஞாயித்துக்கிழமை வரைக்கும் கதையைப் பத்தி யாரும் மூச்சு விடக்கூடாது, அதுதான் கட்டுப்பாடு. என் ஓரகத்தி குமுதவல்லி சனிக்கிழமையே, "ஐயோ, நாகராணியைக் கொன்னுட்டானே பாவி!"ன்னு போட்டுட்டா. அவளுக்கு அழுகையை அடக்க முடியல. குழுவே கொந்தளிச்சுப் போச்சு. ஓட்டெடுப்பு வச்சாங்க. அத்தனை பேரும் அவளை வெளிய அனுப்புன்னாங்க. நானும்தான்.

போன் பண்ணி, "நீங்க எந்தப் பக்கம் போட்டீங்கக்கா?"ன்னு கேட்டா.

"நானூறு பேரு சொல்றது தப்பா இருக்குமாடி?"ன்னேன்.

ரெண்டு வருஷமா அவ வீட்டுப் படியை நான் மிதிக்கல.

நேத்து கதை முடிஞ்சுது. கதையைப் போடுற கம்பெனிக்காரன் நன்றி சொல்லி ஒரு அறிவிப்பு போட்டான். பேச்சு கலகலப்பா இருக்கணும்னு அவங்களே மனுஷங்க மாதிரி எழுதுற மெஷின் ஆளுங்களைக் குழுவுல சேர்த்து விட்டிருந்தாங்களாம். இனிமே தேவையில்லைன்னு எடுத்துட்டாங்களாம். உள்ள போய்ப் பார்த்தா, பட்டியல்ல நான் ஒருத்திதான் மிச்சம். அவளைத் தள்ளுற வரைக்கும் அங்க மனுஷங்கன்னு இருந்தது நானும் அவளும் மட்டும்தான்.

காலையில அவளுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்கக்கா, உங்க நானூறு பேரும் சௌக்கியமா?"ன்னா.

போனை வச்சுட்டேன்.

உங்கள்ல யாராவது இப்படி ஒருத்தரைத் தள்ளிவச்சிருந்தா, மறுபடி அவங்க வீட்டுப் படியை எப்படி ஏறுனீங்கன்னு எனக்கு எழுதுங்க.