அரையும் அரையும்

"பாய், உங்க மகளுக்குக் கணக்கு வரலை. அரையும் அரையும் சேர்ந்தா எவ்வளவுன்னு பரீட்சையில கேட்டா, 'ஒண்ணுமில்லை'ன்னு எழுதியிருக்கா."

திருநாவுக்கரசு வாத்தியார் சிலேட்டைக் கிராம்பு மூட்டையின் மேல் வைத்தார். பினாங்கில், கப்பித்தான் பள்ளிவாசலுக்கு எதிரே, அப்துல் ரசாக்கின் மளிகைக் கடை அது. அவர் மகள், எட்டு வயது ஹாஜரா, மூட்டைக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

"நாளைக்கு வகுப்பு மாத்துற நாள். இப்படியே இருந்தா இவளை மறுபடியும் சின்னப் பிள்ளைங்களோடதான் உட்கார வைக்கணும்."

மாடிப்படித் திரைக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. ரசாக்கின் மனைவி சபூரா வேற்று ஆண்கள் முன் வருவதில்லை. குரல் மட்டும் வரும். பெரும்பாலும் அதுவே போதும்.

"அது எப்படி வாத்தியாரையா? மூணு மாசமா இவ வாப்பாதானே கணக்குச் சொல்லித் தர்றாங்க! புத்தகமே வேணாமாம். சாயங்காலம் ஆப்பக்காரர் வந்ததும், ஆப்பத்தை வச்சே கூட்டல், கழித்தல் எல்லாம்."

வாத்தியார் முகம் மலர்ந்தது. "அடடே, கையில இருக்கிறதை வச்சுச் சொல்லித் தர்றதுதான் பாய் சரியான முறை!"

ரசாக் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். அது காலையிலேயே துடைத்த தராசு.

கல்லாவின் மேல் ஆப்பப் பொட்டலம் இருந்தது. வாத்தியார் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்தார்.

"இது என்ன?"

"அரை, சார்."

"இது?"

"இதுவும் அரை."

"ரெண்டும் சேர்ந்தா?"

ஹாஜரா வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா பள்ளிவாசல் மினாராவைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லை, சார். உடைஞ்சது கணக்குல சேராது. முழுசா இருக்கிறதைத்தான் எண்ணணும்."

"யாரும்மா சொன்னது?"

"வாப்பா."

திரை ஆடியது. "உங்களுக்கு அரை கூடத் தெரியாதா? மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்ற ஆளு!"

ஹாஜராவின் உதடு துடித்தது. ரசாக் அதைப் பார்த்தார். துண்டைக் கீழே வைத்தார்.

"பிள்ளை மேல தப்பில்லை, வாத்தியாரையா. பின்னக் கணக்கு எனக்குத்தான் வராது. தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். அவளை மேல் வகுப்புல போட்டுடுங்க."

பினாங்கில் ஒரு கிராம்பு வியாபாரி, கடையில் நாலு பேர் நிற்கும்போது இப்படிச் சொல்வது, தனக்கு நீச்சல் தெரியாது என்று மாலுமி ஒருவர் சொல்வதைவிட மோசம். மாலுமியிடம் யாரும் சரக்கு வாங்குவதில்லை. ஏலக்காய்க்கு வந்திருந்த ஒருவர் தன் பொட்டலத்தை மெல்லக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

வாத்தியாருக்கு மனம் இளகியது. "வெட்கப்படாதீங்க பாய். நீங்களும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க, முதல்லேருந்து ஆரம்பிப்போம். ஆனா பிள்ளை சரியான விடை சொன்னாத்தானே நான் மேல போட முடியும்?"

திரைக்குப் பின்னால் வளையல்களை மேலே ஏற்றிவிடும் சத்தம் கேட்டது. ரசாக்குக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

"ஹாஜரா," என்றது குரல், மிகவும் மெதுவாக. "நேத்து வாப்பா எத்தனை ஆப்பம் சாப்பிட்டாங்க?"

"ரெண்டு, உம்மா."

"உடைச்சுச் சாப்பிட்டதையும் சேர்த்துச் சொல்லு."

ஹாஜரா மறுபடியும் வாப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, 'சொல்லு' என்று தலையாட்டினார்.

"முழுசா ரெண்டு. அரையா எட்டு. மொத்தம் ஆறு, உம்மா." மூச்சுவிடாமல் சொன்னாள்.

வாத்தியார் துள்ளிக் குதித்தார். "சபாஷ்! இவ்வளவு தெரிஞ்சுமா பரீட்சையில தப்பா எழுதினே?"

"யார் கேட்டாலும் மாத்திச் சொல்லக் கூடாதுன்னு வாப்பா சொன்னாங்க, சார்."

"மேல் வகுப்புல போடுங்க, வாத்தியாரையா," என்றது திரை. "இவங்களுக்கு இனிப்பு நீர் வியாதி, ரெண்டு ஆப்பத்துக்கு மேல ஆகாதுன்னு மூணு மாசம் முன்னாடி டாக்டர் சொன்னார். அன்னையிலேருந்து பக்கத்துல நின்னு எண்ணிச் சொல்லச் சொல்லி, இவளைத் தினமும் கீழே அனுப்பினதே நான்தான்."