ஆடு ஏன் செத்தது?

"செங்கேணி, கத்தி எடு!"

வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஜெகந்நாதன் போட்ட சத்தத்தில் செங்கேணி அடுப்படிக்கு ஓடினாள். ஆடு செத்த சேதியை அவள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். கொட்டகையில் கறுப்பாடு விறைத்துக் கிடந்தது. அவர் ஆடு; அவளை நம்பி விட்ட ஆடு.

கத்தியை நீட்டினாள். யார் கழுத்துக்கு என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.

பட்டணத்தில் பெரிய கெமிஸ்ட் அவர். நைலான் நூலை நெய்து ரத்தக்குழாய் செய்கிறாராம். ஒன்றை இந்த ஆட்டின் கழுத்தில் வைத்துத் தைத்து, அவள் ஊரான காவாந்தண்டலத்தில் மற்ற ஆடுகளோடு மேயட்டும் என்று செங்கேணியிடம் விட்டிருந்தார். ஆடு பிழைத்தால்தான் அவர் ஆராய்ச்சி ஜெயிக்கும்.

ஞாயிறுதோறும் உத்திரமேரூர் வீட்டிலிருந்து வந்து ஆட்டின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். கூட வரும் ஐந்து வயது மகளை இடுப்பைவிட்டு இறக்கவே மாட்டார். சேரி மண் பிள்ளை காலில் பட்டால் தீட்டு போலிருக்கிறது என்று செங்கேணி வாய்க்குள் சிரித்துக்கொள்வாள்.

இந்த ஞாயிறு தனியாக வந்திருந்தார். ஆட்டின் கழுத்துத் தழும்பில் கத்தியை வைத்தார். அறுத்துப் பார்க்க மனம் வராமல் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

"விஷச்செடி எதையாவது தின்னுடுத்தா?"

"இல்ல சாமி! என் கையால தழை ஒடிச்சிக்கினு வந்து போட்டேன்."

"நாய் கடிச்சுதா? யாராவது அடிச்சாளா?"

"மாரியாத்தா சத்தியமா இல்ல சாமி. காலையில நல்லா துன்னுக்கினு இருந்திச்சு, பொசுக்குன்னு வியுந்துடிச்சி. நான் இன்னா பண்ணட்டும்? என் ஆட்டை வேணா ஓட்டிக்கினு போங்க!"

அவள் சத்தியம் செய்யச் செய்ய அவர் முகம் வெளிறிக்கொண்டே போனது. பயத்தில் செங்கேணி அவர் காலில் விழப் போனாள். அதற்குள் அவரே மண்ணில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் தப்புதான்னு சொல்லேன், செங்கேணி. ஏதாவது ஒரு தப்பு!"

"செய்யாத தப்ப எப்பிடி சாமி ஒத்துக்கறது? ஆடுதான போச்சு, அதுக்கா இப்பிடி அளுவறீங்க?"

"அதே குழாய்தான் என் பொண்ணு நெஞ்சுல இருக்கு."