பிரேக்கில் ஒரு கால்

விற்பனைக்கு நிற்கும் ஓட்டோவின் பிரேக்கை உதயகலா அழுத்தி மிதித்திருக்கிறாள். கியர் போட்டிருக்கிறது, அவள் காலை எடுக்கும்வரை எஞ்சின் சுற்றாது. பின்னால் கணவன் தனோஜன், எஞ்சினின் புரி தேய்ந்த கிராங் போல்ட்டில், இறுகியதுபோலத் தெரியட்டுமென்று சொப்பிங் பைத் துண்டைச் சுற்றி, எச்சில் தடவி, ஸ்பானரால் முறுக்குகிறான். கருகிய எண்ணெய் நாற்றம்.

"இஞ்சையப்பா, உது ஓட்டத்திலை கழண்டு போகுமெல்லே?"

"கழரட்டும். றோஸக்கா காசைத் தந்து கொண்டுபோன பிறகுதானே!" அவன் இளிக்கிறான்.

"அவ பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தப்போறா."

"நீ பேசாமல் மிதி."

படலை கிறீச்சிடுகிறது. வெயிலில் குடையை மடக்கியபடி றோஸக்கா வருகிறாள். உதயகலா காலை எடுக்கிறாள். ஓட்டோ முன்னே உருள, ஸ்பானர் நழுவித் தனோஜனின் விரல்கள் இரும்பில் உரசுகின்றன.

"வாங்கோக்கா," என்கிறாள் உதயகலா, "முதல்லை பின்னாலை வந்து இந்தப் போல்ட்டைப் பாருங்கோ."