ரைமோ சரிபண்ணாத வண்டி

"ஏம்ப்பா ரைமோ, நீ மெக்கானிக்கா, இல்ல மரம் வெட்டறவனா?"

ஹில்க்கா அம்மா போட்ட சத்தத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறியது.

"பனி டயரைக் கழட்டி கோடை டயர் மாட்டத்தானே ஏப்ரல்ல விட்டோம்? நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டி. ஒரு நாள் இருமினதில்ல. உன் கை பட்டதும் எஞ்சின் விட்டு விட்டு மிஸ்ஸிங் அடிக்குது. ரெண்டு மாசமா என்னத்தைப் பார்க்கிறே?"

"நல்லாக் கேளு ஹில்க்கா!" பக்கத்தில் நின்ற அவர் கணவர் ஆர்மாஸ் சேர்ந்துகொண்டார். "வெள்ளிக்கிழமை யூஹன்னுஸ் பண்டிகை. ஊரே ஏரிக்கரைக்குக் கிளம்பிடும். நான் ஓட்டாம நம்ம வண்டியை யார் ஓட்டுவாங்களாம்?"

ரைமோ தலையைக் குனிந்து கையைத் துடைத்தார்.

"மன்னிச்சுக்குங்க. எந்த இடத்துல கோளாறுன்னே புரியலை. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது போலிருக்கு."

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. நான் வேலைக்குச் சேர்ந்தே ஒரு மாதம்தான். முதலாளிக்கு மிஸ்ஸிங் பார்க்கத் தெரியாதென்றால் நான் இங்கே என்னத்தைக் கற்றுக்கொள்ள?

பெரியவர்கள் இருவரும் பஸ் ஏறியதும் கேட்டேன். "நான் ஒரு தடவை பார்க்கட்டுமா அண்ணே?"

"அந்த வண்டியைத் தொடாதேம்மா யொன்னா."

"இல்லண்ணே, சும்மா..."

"தொடாதேன்னா தொடாதே."

வறட்டு ஜம்பம்! வேறென்ன?

மறுநாள் காலை அவர் ஸ்பேர் வாங்க டவுனுக்குப் போனார். கார் மறைந்ததுதான் தாமதம், நான் பானெட்டைத் திறந்துவிட்டேன்.

ஸ்டார்ட் செய்ததும் வண்டி முழுக்க உதறியது. ஸ்கேனரை மாட்டினேன். ஒன்றாவது சிலிண்டரும் மூன்றாவது சிலிண்டரும் எரியவில்லை என்றது. அந்த இரண்டுக்கும் மின்சாரம் அனுப்பும் காயில்களைக் கழற்றி, பக்கத்து சிலிண்டர்களில் மாற்றிப் போட்டேன். காயிலில் கோளாறு என்றால் மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அப்படியானால் பிளக்.

கழற்றிப் பார்த்தேன். அடக் கடவுளே!

இரண்டும் புத்தம் புது பிளக். இரண்டிலும் நுனி நசுங்கி ஒட்டிக்கிடந்தது. பொறி பறக்க இடைவெளியே இல்லை. கீழே போட்டுவிட்டு, பார்க்காமலேயே மாட்டியிருக்கிறார் மனிதர்! இதற்கா இரண்டு மாதம்?

வேறு இரண்டு பிளக் மாட்டினேன். எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. கையோடு ஆர்மாஸ் வீட்டுக்கு போன் போட்டேன்.

"வண்டி ரெடி! வந்து எடுத்துட்டுப் போங்க!"

அடுத்த பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள். நான் பெருமையாக ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன்.

"கேளுங்க, எப்படி ஓடுது பாருங்க!"

பாராட்டு ஒன்றும் வரவில்லை. ஹில்க்கா அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆர்மாஸ் முகம் வெளிறிப்போயிருந்தது.

"பேஷ், பேஷ்," என்றார். நான் நீட்டிய சாவி அவர் விரலுக்குத் தப்பிக் கீழே விழுந்தது. "ஒரு... காபி குடிச்சிட்டு ஓட்டிப் பார்க்கிறேனே."

அந்த நேரம் பார்த்து ரைமோ உள்ளே வந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆர்மாஸின் தோளைப் பிடித்து, "வாங்க ஐயா, ஏலக்காய் பன் இருக்கு," என்று காபி அறைக்குள் கூட்டிப்போனார்.

கதவு மூடியதும் ஹில்க்கா அம்மா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"யாருடி உன்னைச் சரிபண்ணச் சொன்னது?"

"அம்மா?"

"டயர் மாத்தக் கொண்டுவந்த அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் நடுரோட்டுல சடார்னு பிரேக் அடிச்சார். காட்டு மான் நிக்குதாம். தபால் பெட்டிடி அது! 'மான்தான், ஓடிருச்சு'ன்னு இன்னிக்கு வரைக்கும் சாதிக்கிறார்."

"அப்ப நீங்களே ஐயாகிட்ட..."

"எப்படிச் சொல்வேன்? வருஷா வருஷம் என்னை ஏரிக்கரைக்கு ஓட்டிட்டுப் போறதுதான் அவருக்குப் பெருமை. உங்க கண்ணை நம்ப முடியலைன்னு நான் சொன்னா, அந்த மனுஷன் அப்படியே உக்காந்துடுவார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வண்டி ஓடலைன்னாத்தான் மகளோட வண்டியில ஏறுவார். அதான் ரைமோ கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். தங்கமான மனுஷன். யார்கிட்டயும் மூச்சு விடலை. வீட்டுக்காரர் முன்னாடி நடிக்கிறதுக்காக அவனைத் திட்டித் திட்டி என் தொண்டையே போச்சு."

எஞ்சினை அணைத்தேன். சட்டைப் பையிலிருந்த நசுங்கின பிளக்குகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டேன். ஹில்க்கா அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு காபி அறைக்குப் போனார்.

ரைமோ வந்து நின்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சுக்குங்கண்ணே. அந்தம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. இந்த ஒண்ணை மாட்டினா போதுமில்ல?"

"ரெண்டையும் மாட்டு."

"ரெண்டு எதுக்குண்ணே? ஒண்ணுக்கே வண்டி உதறுமே!"

ரைமோ காபி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு அந்தம்மா கேட்டது. இன்னொண்ணு, 'அது மான் இல்லப்பா, தபால் பெட்டிதான். ஹில்க்காவுக்குத் தெரிஞ்சா பயந்துடுவா'ன்னு ஐயா தனியா வந்து கேட்டது."