அணிலின் அவசரப் பொந்து

வேப்பமரத்து அணில் துடுக்கன், கூட்டுக்கு ஏதாவது ஆபத்து வந்தால் உதவட்டும் என்று பொந்து நிறையக் கடலை சேர்த்தான். அவசரத்துக்கு மட்டும்தான் தொடணும் என்று சட்டம் போட்டு, தன்னையே அதற்கு மேனேஜராகவும் நியமித்துக்கொண்டான்.

மறுநாளே பொந்து வாசலில் நின்று கீச்சுக் குரலில் கேட்டான். "சார், ஒரே ஒரு கடலை வேணும்."

உள்ளே போய்த் தொண்டையைக் கனைத்து, கட்டைக் குரலில் அவனே விசாரித்தான். "அவசரமா?"

"ரொம்ப அவசரம் சார். மத்தியானத்துலேர்ந்து வாய் சும்மாவே இருக்கு."

"அடப்பாவமே! எடுத்துக்கோப்பா."

தினமும் இதே கூத்துதான். பொந்து காலியாகத் தெரியக் கூடாதே என்று, தின்ற கடலையின் தோலை மட்டும் மறக்காமல் உள்ளேயே போட்டுவைத்தான்.

ஐப்பசி மழைக்காற்றில் கூட்டின் கூரை பிய்த்துக்கொண்டு போனது. குட்டிகள் நனைந்து நடுங்கின. கூரை வேயும் காக்கா அண்ணன் வந்து, "கூலியைக் கையில வெச்சாத்தான் குச்சியைத் தொடுவேன்" என்றார்.

"கடலையா அள்ளித் தர்றேண்ணே!" என்று பந்தாவாகப் பொந்துக்குள் நுழைந்தான் துடுக்கன். அள்ள அள்ள வெறும் தோல்தான் வந்தது.

"என்னப்பா, ஆச்சா?"

உள்ளேயிருந்து கட்டைக் குரல் கேட்டது. "மேனேஜர் லீவு."

"அப்போ பேசறது யாரு?"

உள்ளே கடலைத் தோல் சரசரத்தது. பிறகு கீச்சுக் குரல் வந்தது.

"கடலையைத் தின்னவன்தான் அண்ணே."